கூழுக்குப் பாடியவர்: தொடக்ககால அச்சுத் திரட்டுகளில் ஔவையார்

(சிட்லபாக்கத்தில் நிகழ்ந்த இலக்கிய வட்டக் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

சோழ நாட்டில் சிலம்பி என்னும் கணிகை ஒருத்தி வாழ்ந்தாள். கம்பர் வாயால் ஒரு பாடல் பெற்றுவிட்டால் தன் பெயர் நிலைத்துவிடும் என்று நம்பியவள் அவள். வீட்டிலிருந்த பொருளையெல்லாம் திரட்டி ஐந்நூறு பொன் கொடுத்தாள். கம்பர் கேட்டதோ ஆயிரம். பாதிப் பொன்னுக்குப் பாதி வெண்பா என்று இரண்டடியைச் சுவரில் எழுதிவிட்டு அவர் போய்விட்டார். ஆற்றையும் அரசனையும் நாட்டையும் சிறப்பித்த அந்த இரண்டடியில் சிலம்பிக்கு இடமில்லை. பொருளும் போய்ப் பாட்டும் முடியாமல் நின்ற அவள் வீட்டுக்கு ஒருநாள் பசியோடு வந்தார் ஔவையார். அவள் வார்த்த கூழை உண்டார், சுவரைப் பார்த்தார், எஞ்சிய இரண்டடியை எழுதிச் சிலம்பியைப் பாட்டுக்குள் கொண்டுவந்தார்.

தமிழறிந்தார் எல்லாரும் அறிந்த கதை இது. பாட்டைச் சொல்பவர் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. கதையைச் சொல்பவர் பாட்டில்தான் முடிப்பார். இவ்விரண்டும் இப்படி ஒட்டிக்கொண்டது எப்போது, அந்த ஒட்டுதலால் பாட்டுக்கு நேர்ந்தது என்ன என்னும் வினாக்களே இவ்வுரையின் பொருள். அதற்கு ஓலையிலிருந்து தாளுக்குத் தனிப்பாடல்கள் வந்த காலத்தைக் காண வேண்டும்.

இராமநாதபுரம் சமஸ்தானத்தில் பெருஞ்செல்வாக்குடன் விளங்கிய பொன்னுசாமித் தேவர் புலவர்களைப் புரந்தவர், தாமும் தமிழறிந்தவர். ஆறுமுக நாவலரின் பதிப்புப் பணிகளுக்கு உதவியவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901இல் நிறுவிய பாண்டித்துரைத் தேவர் இவருடைய மைந்தரே. பொன்னுசாமித் தேவரின் விருப்பப்படி தில்லையம்பூர்ச் சந்திரசேகர கவிராச பண்டிதர் தொகுத்த ‘தனிப்பாடற்றிரட்டு’ 1862இல் அச்சேறியது. கம்பர், ஒட்டக்கூத்தர், புகழேந்தி, காளமேகம், இரட்டையர், அந்தகக்கவி வீரராகவர், படிக்காசுப் புலவர் என்று புலவர் பெயர்களின் கீழ்ப் பாடல்கள் அடுக்கப்பெற்றன. எந்த நூலிலும் அடங்காமல் வாய்வழியாகவும் ஏட்டின் ஓரங்களிலும் அலைந்துகொண்டிருந்த வெண்பாக்களுக்கு இத்திரட்டு ஒரு வீடு கட்டிக் கொடுத்தது. இது நிகழாதிருந்தால் காளமேகத்தின் சிலேடைகளில் எத்தனை எஞ்சியிருக்கும் என்பது ஐயமே. அவ்வகையில் கவிராச பண்டிதருக்குத் தமிழுலகம் பட்ட கடன் பெரிது. ஆயின் வீடு கட்டிக் கொடுத்தவரே வாயிலில் பெயர்ப்பலகையும் மாட்ட வேண்டியவரானார். இடர்ப்பாடு அங்கேதான் தொடங்குகிறது.

ஔவையாரைப் பொறுத்தவரை, திரட்டு வருவதற்கு முன்பே அவர் பெயர் அச்சுலகுக்கு அறிமுகமாகியிருந்தது. தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு 1708ஆம் ஆண்டிலேயே கொன்றைவேந்தனை நீதிவெண்பா, உலகநீதி ஆகியவற்றோடு செருமானிய மொழியில் பெயர்த்தார். (அப்பெயர்ப்பு அச்சு வடிவம் பெற 1930 வரை காத்திருக்க நேர்ந்தது, ஓலைகளுக்கு மட்டுமே நேரும் விதியன்று அது.) அதே தரங்கம்பாடியில் பணியாற்றிய ஜான் பாதிரியார் ஔவையாரின் வரலாற்றையும் அறநூல்களையும் ஆங்கிலத்தில் சுருக்கி எழுதினார், கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘ஆசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ ஏழாம் தொகுதியில் 1801இல் அக்கட்டுரை இடம்பெற்றது. அதன் தலைப்பு ஔவையாரைத் தமிழ்ப் பெண் தத்துவ ஞானி என்று அறிமுகப்படுத்துகிறது. புலவர் என்று சொல்லவில்லை என்பது கருதத்தக்கது. அயலவர் கண்ணுக்கு அவர் முதலில் அறம் உரைப்பவராகவே தென்பட்டார். 1835இல் அச்சகங்கள் மீதிருந்த கட்டுப்பாடு நீங்கித் தமிழர் நடத்திய அச்சுக்கூடங்கள் பெருகியபோது, திண்ணைப் பள்ளிகளில் மனப்பாடமாக ஓதப்பட்டுவந்த ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் மூதுரையும் நல்வழியும் சிறுசிறு நூல்களாக மீண்டும் மீண்டும் அச்சாயின.

ஆகவே தனிப்பாடற்றிரட்டைக் கையில் எடுத்த வாசகர், ஔவையாரை முன்பே அறநூலாசிரியராக, நரைத்த தலையும் ஊன்றுகோலுமாக, மனத்தில் வரைந்து வைத்திருந்தார். திரட்டு அவருக்குப் புதிதாகக் கொடுத்தது கதைகளை. நாவல் மரத்தின் மேலிருந்து பழத்தைச் சுட்டதா சுடாததா என்று கேட்ட சிறுவன், சத்திரத்துப் பேய், விருந்தினரை அழைத்து வந்துவிட்டு மனைவியின் முகத்தைப் பார்க்க அஞ்சிய கணவன், புல்வேளூர்ப் பூதன் இட்ட வரகரிசிச் சோறு, கத்தரிக்காய், மோர், பாரி மகளிர் அங்கவை சங்கவைக்குத் திருக்கோவலூரில் நடந்த திருமணம். ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் இடமும் ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1876இல் அட்டாவதானம் வீராசாமி செட்டியாரின் ‘விநோதரச மஞ்சரி’ வெளிவந்தபோது இத்தகைய புலவர் கதைகள் சுவைமிக்க உரைநடையும் பெற்றன. அதன்பின் பாட்டைக் கதையிலிருந்து பிரித்தெடுப்பது பெரும்பாடாயிற்று.

இக்கதைகளை ஒன்றாக அடுக்கினால் காலம் திணறுகிறது. பாரி மகளிரோடு வாழ்ந்தவர் சங்க காலத்தவர். விநாயகர் தும்பிக்கையால் தூக்கிக் கயிலையில் வைத்ததாகச் சொல்லப்படும் ஔவையார், சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலைக்குப் போகும் காலத்தில் இருந்தாக வேண்டும். கம்பருக்கும் கூத்தருக்கும் எதிர்நின்றவர் பிற்காலச் சோழர் காலத்தவர். ஒருவரே இவ்வளவு காலமும் வாழ்ந்தார் என்பதற்கு மரபு விடையும் வைத்திருந்தது: அதியமான் கொடுத்த நெல்லிக்கனி. அதியமான் கனி ஈந்தமை சங்கப் பாட்டாலேயே உறுதிப்படும் செய்தி. ஆனால் அந்தக் கனியை வைத்தே ஆயிரம் ஆண்டு வேறுபாட்டைத் தைத்துவிட்ட கற்பனை, பதிப்பாசிரியரின் இக்கட்டை அறிந்த ஒரு மனத்தின் வேலை எனலாம். சுவடி ஒப்புநோக்கியவர் எவரும் அந்தத் தையற்காரரின் மேல் சினங்கொள்ள மாட்டார்.

பாரி மகளிர் கதை தனியே நின்று நோக்கத்தக்கது. அங்கவை, சங்கவை என்னும் பெயர்களைத் தமிழகத்துச் சிறுவரும் அறிவர். ஆனால் புறநானூற்றில் அம்மகளிரின் பெயர் இல்லை. பாரி மகளிர் என்ற அளவிலேயே அவர்கள் நிற்கின்றனர். அவர்களை அழைத்துக்கொண்டு வேளிரிடம் சென்றவராகப் புறநானூறு காட்டுவது கபிலரை. திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, பாரியின் மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீப்புகுந்த செய்தியைக் கூறுகிறது. அங்கும் ஔவையார் இல்லை. கபிலர் ஆற்றிய கடமை எப்போதோ, எவராலோ, ஒரு பாட்டியின் கைக்கு மாற்றப்பட்டுவிட்டது. பெண்மக்களுக்கு மணம் முடிக்கும் கவலை ஒரு முதியவளிடம் இருப்பதே பொருத்தம் என்று ஊரார் கருதியிருக்கலாம். பாட்டும் பெயரும் அம்மாற்றத்தோடு வந்து, திரட்டிலே குடியேறிவிட்டன.

இத்தகைய நிலை தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தில் 1557இல் ரிச்சர்டு டாட்டல் என்னும் அச்சகத்தார் வெளியிட்ட பாடல் திரட்டு புகழ்பெற்றது. அதில் இடம்பெற்ற வயட், சர்ரே ஆகிய புலவர்கள் அப்போது உயிரோடில்லை. பாடல்களுக்குத் தலைப்பிட்டவரும், வயட்டின் கரடுமுரடான சந்தத்தை இழைத்து வழவழப்பாக்கியவரும் திரட்டைப் பதிப்பித்தோரே. அதற்கு முந்தைய ஆண்டில் இறந்த வாக்ஸ் பிரபுவின் பாட்டொன்றும் அதில் உண்டு. முதுமை வந்ததும் காதலைத் துறக்கும் ஒருவனின் கூற்றாக அமைந்த அப்பாட்டு, ஆசிரியர் தெரியாதவர்களின் பகுதியில் அச்சாயிற்று. 1576இல் வந்த மற்றொரு திரட்டு, ரிச்சர்டு எட்வர்ட்ஸ் தொகுத்து வைத்துவிட்டு இறந்து பத்தாண்டு கழித்து வெளியானது. பெரும்பாலும் அறமும் இறைப்பற்றும் நிலையாமையுமாக நிறைந்தது. வாக்ஸின் பெயர் அதன் முகப்பிலேயே இருந்தது. 1606 வரை அது பலமுறை மறுபதிப்புக் கண்டது. அவருடைய முதுமைப் பாட்டையோ, சேக்சுபியரின் ஆம்லெட்டு நாடகத்தில் சவக்குழி தோண்டுபவன் அடிகளை மாற்றியும் சொற்களைச் சிதைத்தும் பாடிக்கொண்டே மண்ணை வாரிப் போடுகிறான். பிரபுவின் பாட்டு அதற்குள் ஊரார் பாட்டாகிவிட்டது. அறப்பாட்டின் இயல்பு அது. காதற்பாட்டை எழுதியவர் யார் என்று கேட்கத் தோன்றும். அறப்பாட்டை எவரும் தம் சொல்லாகவே சொல்லிக்கொள்வர்.

டாட்டலின் திரட்டில் பாராட்டத்தக்க ஒன்று உண்டு: ஆசிரியர் தெரியாத பாடல்களுக்கு அவர் ஒரு தனிப்பகுதி வைத்தார். தமிழில் அறம் பாடிய ஆதரவற்ற வெண்பா எதுவாயினும் ஔவையார் வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்ளலாம் என்பதே வழக்கமாயிற்று. ஔவை என்பதே தாய், மூதாட்டி என்னும் பொருள்தரும் மதிப்புப் பெயர். இயற்பெயராக ஒருத்திக்கும், மதிப்புப் பெயராகப் பலருக்கும், புனைபெயராக இன்னும் சிலருக்கும் அது வழங்கியிருக்கக் கூடும்.

முருகன் கேட்டதாகச் சொல்லப்படும் நான்கு பாடல்களை எடுத்துக்கொள்ளலாம். கொடியது எது, இனியது எது, பெரியது எது, அரியது எது என்பன வினாக்கள். பெரியதைச் சொல்லும் பாட்டின் நடையைப் பார்த்தால், உலகம் பெரிது என்று தொடங்கி, அதைப் படைத்தவன், அவன் தோன்றிய திருமாலின் உந்தி, அத்திருமால் துயிலும் கடல், அக்கடலை அள்ளிக் குடித்த குறுமுனி, அம்முனி பிறந்த சிறுகலம், அக்கலத்து மண்ணாகிய பூமி, அதைத் தலையில் தாங்கும் பாம்பு, அப்பாம்பை விரல் மோதிரமாக்கிய உமை, அவளைப் பாகத்தில் ஒடுக்கிய இறைவன், அவனை உள்ளத்தில் ஒடுக்கிய தொண்டர் என்று ஏறிக்கொண்டே போகிறது. ஏறுவது போலத் தோன்றினாலும் உண்மையில் அது உள்ளே ஒடுங்கிக்கொண்டே போகிறது. விரிந்த உலகில் தொடங்கி ஒரு மனிதனின் நெஞ்சளவில் வந்து நிற்கிறது. குலோத்துங்கனை வாழ்த்தியதாகச் சொல்லப்படும் வரப்பு வாழ்த்தும் இதே படிமுறை உத்தியில் அமைந்தது: வரப்பில் தொடங்கி அரசனில் முடியும். இரண்டையும் அருகருகே வைத்தால், வாய்மொழியாகக் கேட்டு நெஞ்சில் நிறுத்துவதற்கென்றே கட்டப்பட்ட யாப்புக் கைத்திறன் புலனாகும். இதைக் கவனிக்கவிடாமல் செய்வது எது? மயில்மேல் அமர்ந்த முருகனும், தடியூன்றிய பாட்டியுமாகிய அந்தக் காட்சிதான். 1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’ படமும், 1967இல் ‘கந்தன் கருணை’யும் கே.பி. சுந்தராம்பாளின் குரலால் அக்காட்சியை என்றும் அழியாததாக ஆக்கிவிட்டன. அக்குரலைக் குறைகூற எவருக்கும் மனம் வாராது. ஆயினும் பாட்டின் கட்டுமானத்தைக் காண விரும்பும் கவிஞர் ஒருமுறையேனும் அதை மௌனமாகப் படித்துப் பார்த்தல் வேண்டும்.

அச்சு செய்த மற்றொரு விந்தை காலவரிசையைத் தலைகீழாக்கியது. பாடல்கள் பிறந்த வரிசை வேறு. வாசகர் கையில் கிடைத்த வரிசை வேறு. அறநூல்கள் முதலில், தனிப்பாடல்கள் அடுத்து, எல்லாவற்றுக்கும் மூத்த சங்கப் பாடல்கள் கடைசியில். உ.வே. சாமிநாதையர் புறநானூற்றை 1894இல் பதிப்பித்தபோதுதான், முற்றிலும் வேறான ஓர் ஔவையார் வெளிப்பட்டார். அதியமானோடு கள்ளுண்டு மகிழ்ந்தவர். தொண்டைமானிடம் தூது சென்று, பீலி சூட்டி நெய் பூசிக் கிடக்கும் அவன் படைக்கலங்களைப் புகழ்வதுபோல் இகழ்ந்தவர். அதியமான் மாய்ந்தபோது, இனிப் பாடுவாரும் இல்லை, பாடுவார்க்கு ஈவாரும் இல்லை என்று கலங்கியவர். சங்க நூல்களில் இவர் பெயரால் 59 பாடல்கள் உள்ளன. புறநானூற்றில் மட்டும் 33. குறுந்தொகையிலும் நற்றிணையிலும் அகநானூற்றிலும் காதல் நோயின் கடுமையைப் பாடியவரும் இவரே. ஆனால் படிப்போர் மனத்தில் பாட்டி முன்பே அமர்ந்துவிட்டாள். புறநானூற்று இளம் பாடினிக்கும் நரைத்த தலையைச் சூட்டிவிட்டுத்தான் வாசித்தனர்.

ஓர் உண்மையை இங்கே மறைக்கலாகாது. சங்க ஔவையாரும் அறம் பாடியவரே. நிலம் நாடாயினும் காடாயினும் மேடாயினும் பள்ளமாயினும், ஆடவர் எப்படியோ அப்படியே அந்நிலமும் என்று கூறும் புறப்பாட்டு அவருடையது. அங்கே அறம் கட்டளையாக வரவில்லை; நிலத்தைப் பார்த்துப் பேசும் பேச்சாக வருகிறது. பல நூற்றாண்டு கழித்து ஆத்திசூடியில் அது ஏவலாகிறது. இவ்விரண்டு குரலும் ஒருவருடையது என்று சொல்வது இருவருக்கும் செய்யும் அநீதி.

ஆத்திசூடியைச் சிறுவர் நூல் என்று ஒதுக்குவோரும் உண்டு. எழுத்துவரிசைக்கு அறத்தைக் கட்டுவது எளிய வேலையன்று. ங என்னும் எழுத்துக்குப் பள்ளிச் சிறுவர் அறியும் சொல் ஏதும் இல்லை. அவ்விடத்தில் ஆசிரியர் அவ்வெழுத்தின் உருவத்தையே, அது தன் இனத்தைத் தழுவி நிற்கும் பாங்கையே, அறமாக்கிவிட்டார். சொல் கிடைக்காத இடத்தில் எழுத்தையே சொல்லாக்கிய துணிவு பெரும்புலவர்க்குரியது. அதே நூலில் பெண்ணின் சொல்லைக் கேட்டு நடவாதே என்னும் பொருள்பட நிற்கும் ஓர் அடியும் உண்டு. அதற்கு அமைதி கூற முயன்ற உரைகள் பல. ஒரு பெண்பாற் புலவர் பெயரில் வழங்கும் நூலில், பெண் சொல்லைக் கேளாதே என்று கூறினால், அந்நூலையே கேளாதே என்றாகுமன்றோ? எழுதியவர் ஆண்மகனான திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரோ, அல்லது தம் காலத்து வழக்கை அப்படியே ஏற்றுக்கொண்ட ஒரு மூதாட்டியோ, அறிதற்கில்லை. ஆனால் அந்த அடியின் பொறுப்பை அதியமானின் தூதராகச் சென்றவர் மேல் ஏற்றுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. பாரதியார் ஔவையின் நூல்களைத் தமிழர் இழக்கவொண்ணாப் பெருஞ்செல்வமாகப் போற்றியவர். அவரே, புதிய ஆத்திசூடி பாட வந்தபோது அச்சத்தை நீக்குவதில் தொடங்கிப் பழைய வரிசையில் புதிய அறத்தை நிரப்பினார். மரபை மதிப்பதும் மறுப்பதும் ஒரே கையால் செய்யத்தக்கவை என்பதற்கு அது சான்று.

இறைநெறிப் பாடல்களின் நிலை வேறுவகையில் இரங்கத்தக்கது. விநாயகர் அகவல் 72 அடிகள் கொண்டது. மூலாதாரம் முதலான ஆறு ஆதாரங்களையும், குண்டலி எழுவதையும், உள்ளொளியையும் பேசும் யோகநூல் அது. வழிபாட்டுத் திரட்டுகளில் இடம்பெற்றுச் சதுர்த்திதோறும் ஓதப்பட்டு, பொருள் நோக்காமலே புண்ணியம் தரும் பாட்டாகிவிட்டது. கயிலைப் பயணக் கதை அதைச் சூழ்ந்துகொண்டது. வீட்டுநெறிப்பால், திருவருட்பால், தன்பால் என்னும் முப்பாலில் 310 குறட்பாக்களைக் கொண்ட ஔவை குறளை அறிந்தவர் அதனினும் குறைவு. அதற்குத் துணையாக ஒரு கதை இல்லை. ஆகவே அது பரவவில்லை. கதை உள்ள பாட்டுக் கதையால் மறைக்கப்பட்டது. கதை இல்லாத பாட்டு மறக்கப்பட்டது.

மூதுரையில் ஓர் உவமை: நீர் வற்றியதும் குளத்தை விட்டுப் பறந்துவிடும் பறவைகள், அக்குளத்திலேயே வாடிக் கிடக்கும் கொட்டியும் ஆம்பலும் நெய்தலும். சிட்லபாக்கத்து ஏரிக்கரையில் கோடையையும் மாரியையும் கண்டவர்களுக்கு இவ்வுவமைக்கு உரை வேண்டுவதில்லை. மூதுரை ஆசிரியர் யாராயினும் குளக்கரையில் நின்று பார்த்தவர். நல்வழியின் நாற்பதாம் வெண்பாவோ வேறு வகையில் உதவுகிறது. குறளோடு மூவர் தமிழையும் திருவாசகத்தையும் திருக்கோவையாரையும் திருமூலர் வாக்கையும் ஒரே வாசகமாக எண்ணச் சொல்கிறது அது. இவை எல்லாம் தோன்றி, மதிப்புப் பெற்று, ஒரே வரிசையில் வைத்து எண்ணப்படும் காலத்தில் இருந்தவரே அதைப் பாடியிருக்க முடியும். அவர் பாரியைக் கண்டிருக்க மாட்டார். ஆனால் தமிழ் முழுவதையும் ஒரே பார்வையில் கண்ட பேரறிவு அவருடையது. அவரை அவராகவே கண்டால் அவருக்குப் பெருமை குறைவதில்லை. தமிழுக்கு மற்றுமொரு புலவர் கிடைக்கிறார்.

திரட்டுவோர் எல்லாரும் கதையோடுதான் திரட்டினர் என்றும் சொல்வதற்கில்லை. ஓலையில் எழுந்த புறத்திரட்டு, குறளின் அதிகார முறையைப் பின்பற்றிப் பல நூற்பாடல்களைத் தொகுத்தது. பாட்டோடு நூற்பெயரைக் காத்தமையால், மூலம் முழுமையாகக் கிடைக்காத நூல்கள் சிலவற்றின் பாடல்கள் அதனாலேயே கிடைத்தன. பாண்டித்துரைத் தேவரின் பன்னூற்றிரட்டும் அந்த நெறியைச் சார்ந்தது. தந்தை பொருட்டு எழுந்த திரட்டு ஆட்களால் அமைந்தது, மைந்தர் திரட்டு பொருளால் அமைந்தது. பின்னர் மு. இராகவையங்கார் தொகுத்த ‘பெருந்தொகை’யும் தனிப்பாடல்களைப் பொருள்வகைப்படுத்தியே தந்தது.

பத்தாண்டு நிறைவை ஒட்டி வெளிவரும் ஒரு மலரும் திரட்டு வகையைச் சேர்ந்ததே. அதில் இடம்பெறும் கவிதைகளின் கீழே கவிஞர் பெயரோடு எழுதிய ஆண்டையும் சேர்த்துவிட்டால், பின்வரும் தொகுப்பாளர்க்கு நெல்லிக்கனி தேட வேண்டிய இடர் இராது.

சிலம்பியின் வீட்டுச் சுவர் இப்போது இல்லை. இருந்திருந்தால், எந்த இரண்டடி எவருடையது என்பதைக் கையெழுத்தே காட்டியிருக்கும். அச்சில் நான்கடியும் ஒரே எழுத்தில் நிற்கின்றன.